மூன்றாவது வரிசைத் தகடுகள்

இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று படித்து முடிக்க சஃபீருக்கு ஏழு வருஷம் ஆனது. கீழக்கரையில் அவன் வீட்டு ஜன்னல் கம்பிகள் அதை இரண்டே மழைக்காலத்தில் படித்து முடித்திருந்தன. கூடப் படித்தவர்களெல்லாம் துபாய்க்குப் போய், வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வயதில், எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் 'மாணவன்' என்று எழுதுகிற ஆள் ஊரில் அவன் ஒருவன்தான். எழுதும்போது கூச்சமாக இருக்கும். வேறு என்னத்தை எழுதுவது?

பொருளறிவியலில் முனைவர் பட்டம் என்றால் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார்களா? முதலில் நான்கு பாடங்கள் தேற வேண்டும். அதில் ஒன்றில் அவன் விழுந்து எழுந்தான். அப்புறம் ஒரு வாய்மொழித் தேர்வு, ஆய்விதழ்களில் இரண்டு கட்டுரைகள், ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு. இத்தனையும் தாண்டினால் கடைசியாகப் பொது வைவா. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். பொதுமக்கள் ஒருநாளும் வந்ததில்லை. துறை மாணவர்கள் பத்துப் பேர் சமோசாவுக்காக வந்து உட்கார்ந்து, கைதட்டிவிட்டுப் போவார்கள்.

சஃபீர் செய்த தப்பு, அந்த அறிவிப்பை உம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியதுதான்.

உம்மா மலிகா 'அனைவரும் வருக' என்பதை மனசார எடுத்துக்கொண்டாள். ஒரு வேன், பதினெட்டுச் சொந்தக்காரர்கள், ஒரு தேக்சா பிரியாணி, இரண்டு டப்பா தொதல் அல்வா சகிதம் பல்கலைக்கழக வாசலில் வந்து இறங்கினாள். முன் சீட்டிலிருந்து, ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிற மூக்கையாவும் இறங்கினார்.

"ஒரு வருஷமா ஒன் தகட்டையெல்லாம் பாத்துக்கிட்ட மனுசன்டா வாப்பா. அவருக்குச் சொல்லாம வரலாமா?" என்றாள் மலிகா.

அந்தத் தகடுகள்தான் அவனுடைய ஆய்வேடு. கடற்கரை ஐஸ் கம்பெனியின் மொட்டை மாடியில் ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் மூன்று வரிசையாக இரும்புத் தகடுகளை மாட்டி வைத்திருந்தான். முதல் வரிசை வெறும் இரும்பு. இரண்டாவது, கடையில் விற்கிற பெயிண்ட் அடித்தது. மூன்றாவது, சஃபீர் தானே கலந்து தயாரித்த பூச்சு. பன்னிரண்டு மாதம் உப்புக்காற்றில் நின்றும் மூன்றாவது வரிசையில் துரு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டம் முழுக்க அந்த வரிசையின் மேல்தான் நின்றது.

வைவா அருமையாகப் போனது. வடக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் படங்களைப் பார்த்துத் தலையாட்டத் தெரிந்தது. மூன்றாவது வரிசைப் படம் திரையில் வந்தபோது இரண்டு தடவை ஆட்டினார். நெறியாளர் தர்மராஜ் சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எழுந்து, முறைப்படி, பொதுமக்கள் யாரேனும் கேள்வி கேட்கலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு, முடித்துவைக்கத் தொண்டையைச் செருமினார்.

மூக்கையா கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். அந்த மூணாவது வரிசைக்கு நான் வாரம் ஒருக்கா ஆயில் பூசிக்கிட்டு வந்தேன். அது போதுமா, இல்ல ரெண்டு தடவ பூசியிருக்கணுமா? இனிமே வைக்கிற ஆளுகளுக்கு ஒதவுமேன்னு கேக்குறேன்."

பின்வரிசையில் ஒரு மாணவன் கடிக்கப் போன சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டான்.

சஃபீருக்குத் தகடு துடைத்த பஞ்சு நினைவுக்கு வந்தது. மாதாமாதம் தகட்டைக் கழற்றித் துடைக்கும்போது பஞ்சு கறுப்பாகத்தான் வந்தது. அது என்னவென்று அவன் யோசிக்காமல் இல்லை. யோசித்து, 'படகுகளின் டீசல் புகைப் படிவு' என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதியும் விட்டான். புகையாக இருந்தால் நல்லது என்று தோன்றியது, புகை என்றே முடிவுகட்டினான். ஆராய்ச்சியாளனாம். பக்கத்திலேயே கம்ப்ரஸர் ஆயில் டப்பாவோடு மூக்கையா நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவர் என்ன கேட்கிறார்?" என்றார் தேர்வாளர், சஃபீரைப் பார்த்து. "மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

தர்மராஜ் சார் மின்விசிறியைப் பார்த்தார்.

'இந்தப் பூச்சு எப்போது கடைக்கு வரும் என்று கேட்கிறார்.' வாக்கியம் சஃபீரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவனுக்கு ஆங்கிலம் இவ்வளவு சரளமாக வந்ததில்லை. ஆனால் மூக்கையா இன்னும் உட்காரவில்லை. மடிப்புக் கலையாத புதுச்சட்டையில், பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரிடம் தமிழில் ஒரு பொய், அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு பொய் என்று இரண்டு சொல்ல வேண்டும். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னான்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மூன்றாவது வரிசைக்கு மட்டும்?"

சஃபீர் அதையும் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பிதானே சொன்னாக? மத்த ரெண்டும் சும்மா, இதுதான் நானாக் கண்டுபிடிச்சதுன்னு. நம்ம தம்பி கண்டுபிடிச்சது துருப்பிடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மூக்கையா.

அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பட்டத்தை மறுக்கவில்லை. முதல் இரண்டு வரிசைக் கணக்குகள் செல்லும். மூன்றாவது வரிசையை மட்டும் மறுபடி பன்னிரண்டு மாதம் வைத்து, ஓர் அத்தியாயத்தைத் திருத்தித் தர வேண்டும். விதிப்படி அப்படித் திருத்தித் தர ஒரு தடவைதான் வாய்ப்பு. தர்மராஜ் சாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே மர நிழலில் தேக்சாவைத் திறந்திருந்தார்கள்.

"பாஸா, பெயிலா?" என்றாள் மலிகா.

"இன்னும் ஒரு வருஷம் உம்மா."

"அதானே, நீ என்னைக்கு எதை ஒரே தடவையில முடிச்ச?" என்று சொல்லிவிட்டு, அவன் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தாள். அப்புறம் தயிர்ப் பச்சடி எடுக்க வேனுக்குப் போனாள்.

மூக்கையா சாப்பிடாமல் அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்னாலயா தம்பி?"

"இல்லண்ணே. என்னாலதான்."

"அந்தத் தகடு துருப்பிடிக்கட்டும்னா வச்சிருந்தீக?"

"பிடிக்குதா இல்லையான்னு பாக்கத்தாண்ணே."

"மொத நாளே இதச் சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்? பன்னெண்டு மாசம் வந்தீக, டீ குடிச்சீக, போனீக. எதுக்கு வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

சஃபீருக்கு வலித்தது. நன்றியுரையில் ஐஸ் கம்பெனி முதலாளி பெயர் இருந்தது, அவர் மாடிக்கே ஏறியதில்லை. மூக்கையா பெயர் இல்லை. இப்போதாவது சொல்வோம் என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று வரிசை எதற்கு, ஒன்றை ஒன்றோடு எப்படி ஒப்பிடுவது என்று முதலிலிருந்து சொன்னான். மூக்கையா ஒரு சொல் விடாமல் கேட்டார். துறையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்ப அந்த ரெண்டு வரிசை?" என்றார்.

"அது சரியா இருக்குண்ணே. அதுல பிரச்சினை இல்ல."

மூக்கையா தரையைப் பார்த்தார். "மழை மாசத்துல அதுகளுக்கும் ரெண்டு மூணு தடவ பூசிவிட்டேன் தம்பி. பாவமா இருந்துச்சு."

சஃபீரின் கை தட்டிலேயே நின்றது. சுற்றிலும் பார்த்தான். யாரும் கேட்டிருக்கவில்லை. துறை வாசலில் தேர்வாளர் காரில் ஏறுவதற்காகத் தர்மராஜ் சாருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். இதையும் சொன்னால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான், அந்த நன்றியுரையிலும் திருத்தம் இருக்கிறது. திருத்தித் தரச் சொன்னதையே அவர்கள் திரும்பப் பெறலாம். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் இதே நேரம் அவன் டாக்டர்.

"இதக் கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"நானும் வாரேன் தம்பி. நானே சொல்லிர்றேன்."

"அவருக்குத் தமிழ் தெரியாதுண்ணே. நீங்க சாப்பிடுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

கையைக்கூடக் கழுவாமல் காரை நோக்கி ஓடினான்.