பதில் வரவழைத்த ஸரூக்

பதுளை பஸார் வீதியில் பிடவைக்கடை, அதாவது துணிக்கடை, வைத்திருந்த ஜுனைதீனின் மகன் ஸரூக் யாரிடம் எதைக் கேட்டாலும் சரியான பதில் வந்துவிடும். கேட்கப்பட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அறுபத்தாறாம் ஆண்டு, ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, கடை வாசலில் விறகு இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் பெரு நாட்டின் தலைநகர் எது என்று விளையாட்டாகக் கேட்டான். எழுத்து வாசனையே இல்லாத அந்த மனிதர் லீமா என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று விளங்காமல் தாடியைச் சொறிந்தார். அதன்பிறகு பரீட்சை வாரத்தில் ஸரூக் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கட்டளை போட்டார்கள். மாட்டைத் தொலைத்தவர்கள் கடைக்கு வருவார்கள். உங்கட மாடு எங்கே என்று ஸரூக் கேட்பான். பசறை ரோட்டு வளைவுக்குக் கீழே பள்ளத்தில் நிற்கிறது என்று தாங்களே சொல்லிக்கொண்டு தாங்களே ஓடுவார்கள். தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் மட்டும் அவனுக்கு ஒன்றும் வராது. ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. தராசு உள்ள கடையில் நிறுப்பார்கள், ஸரூக் உள்ள கடையில் கேட்பார்கள், அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதில் ஸரூக் பண்டாரவளையிலிருந்து மர்லியாவை மணமுடித்து வந்தார். முதல் நாளே ஒரு முடிவெடுத்தார்: இவளிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. வருகிற பதில் பொய்யாக இருக்க வழியில்லை என்பதுதான் பயம். சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்க மாட்டார், பசிக்கிறது என்பார். தலைவலியா என்று கேட்க மாட்டார், நெற்றியில் தைலத்தைத் தடவிவிடுவார். வீட்டில் பேசாத மனிதர் என்று மர்லியாவின் உறவினர்கள் அவருக்குப் பேர் வைத்தார்கள். அவளும் சில காலம் அப்படித்தான் நினைத்தாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தில் பஸாரில் பாதி எரிந்தது. நெருப்பு அணைந்ததும் ஆட்கள் பிடவைக்கடைக்கு வந்து, எங்களைக் கேளுங்கள் என்று நின்றார்கள். என் அண்ணன் எங்கே என்று கேளுங்கள், என் மகள் எங்கே என்று கேளுங்கள். ஸரூக் கேட்டார். பதில்களை அவர்கள் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். சிலர் அகதி முகாமுக்கு ஓடினார்கள்; சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரம் முடிந்தபோது, இனி எவரையும் நோகடிக்காத கேள்விகளை மட்டுமே கேட்பது என்று தீர்மானித்தார். அப்படிப்பட்ட கேள்விகள் கொழும்பில்தான் இருந்தன. தொலைக்காட்சியில் தமிழில் ஒரு பரிசுப் போட்டி தொடங்கப்போகிறார்கள், நடத்துவதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினார்.

மிக நீளமான நதி எது, தங்கத்துக்குக் குறியீடு என்ன. அட்டையில் அச்சடித்திருந்ததை ஸரூக் கனிந்த குரலில் வாசிப்பார். மீன் வியாபாரியும் தபால்காரரும் கைக்குழந்தைக்காரியும் பிழையில்லாமல் சொல்லுவார்கள். யாரும் தோற்காத போட்டி என்று நாடு முழுவதும் பேச்சானது. களவு நடக்கிறதோ என்று தயாரிப்பாளருக்குச் சந்தேகம் வந்து, கேள்விகளைத் தானே எழுதிப் பூட்டி வைத்துப் பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். வியாழக்கிழமை மாலைகளில் பதுளையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளின் ஜன்னல்களில் சனம் தொங்கியது. மர்லியா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து, தன் புருஷன் ஊர் பேர் தெரியாத பெண்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துக் கேள்வி கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்தாறில் ஒரு வியாழக்கிழமை பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியலெட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண் வந்தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி மின்சார இஸ்திரிப்பெட்டி ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டவள், மேடையை விட்டு இறங்கவில்லை. அவளுடைய கணவர் வீரசிங்கம் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, முதலில் தான் போய் இடம் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிடுவதாகச் சொல்லிக் கப்பல் ஏறியவர். ஒரு வருடத்துக்குப் பிறகு தகவல் இல்லை.

"எனக்கு இன்னொரு கேள்வி கேளுங்கய்யா. அவரு எங்கன்னு கேளுங்க. நானே கேட்டுப் பாத்துட்டேன், எனக்கு வரலைங்க."

நேரடி ஒளிபரப்பு. தயாரிப்பாளர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஸரூக் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வீரசிங்கம் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"கோத்தகிரியில இருக்காரு," என்றாள் பாக்கியலெட்சுமி. "தேயில காட்டுலதான் வேல. வேற கலியாணம் கட்டிட்டாரு. ஒரு பொம்பளப் புள்ள இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலும் விழுந்தது. "சரிங்க" என்றாள். இஸ்திரிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை ஸரூக் அட்டையை எடுத்தார். எழுத்துகள் தெரிந்தன, வாசிக்க வாய் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மலை ரயிலில் ஏறியவர், வீட்டுக்குப் போகாமல் பண்டாரவளையில் இறங்கிப் பூனாகலைக்கு பஸ் பிடித்தார். பாக்கியலெட்சுமி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் இருந்தாள். அந்த லயத்தில் மின்சாரம் கிடையாது; பரிசுப் பெட்டியை அடுப்புத் தணல்மேல் வைத்துச் சூடாக்கி, மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸரூக் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"செத்துட்டாரோன்னு நெனச்சு நெனச்சுத்தான் இத்தன வருசமா சோறு எறங்கல. ரெண்டு நாள் அழுதேன். மூணாம் நாள் நல்லாத் தூங்குனேங்க." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்கும் மொகம் நல்லால்ல. வீட்டுக்குப் போங்க."

அவர் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது மர்லியா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய பயணப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடு எதிரே நின்றாள்.

"ஊரெல்லாம் கேட்டு முடிச்சிட்டீங்க. எனக்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கல்லயே."

பயம் என்றார் ஸரூக். கேட்டால் பதில் வந்துவிடும் என்றார்.

"வரட்டும். கேளுங்க."

கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஸரூக் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கையைப் பார்த்துக் கேட்டார்.

"என்னக் கலியாணம் முடிச்சதுல ஒனக்குச் சந்தோசமா?"

"சில நாளைக்கி," என்றாள் மர்லியா. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்தனை வருடங்களாக ஓம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் வரும் என்று அவர் பயந்திருந்தார். இப்படி ஒரு மூன்றாவது பதில் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

"இன்டைக்கி?"

"இன்டைக்கி ஓம்."

பிறகு கடையிலேயே இருந்துவிட்டார். எத்தனை கஜம் துணி வேண்டும் என்று அவர் கேட்டால் வாடிக்கையாளர்கள் சரியான அளவைச் சொல்லிவிடுவதால் தையற்காரர்களிடம் துண்டுத்துணி மிஞ்சுவதில்லை என்று பதுளையில் இன்றும் குறைப்படுவார்கள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் தினமும் மர்லியாவிடம் இன்டைக்கி சந்தோசமா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்பார். ஓம் என்று வருகிற நாளில் அவள் தேத்தண்ணி போடுவாள். இல்லை என்று வருகிற நாளில் அவர் போடுவார்.