யானையைக் கட்டும் கம்பி

மனைவியின் மாலை அறுந்தபோது நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போய் ஐந்து மாதம். நீலக் கண்ணாடி மணிகள். அவளே நூலில் கோத்தது. எங்கள் நாலு வயது மகள், வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு, அதைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். கதவின் கைப்பிடியில் மாட்டி அறுந்தது.

மணிகள் தரையெங்கும் ஓடின. வாலு சிரித்தாள். நான் பீரோவை நகர்த்தினேன், கட்டிலை நகர்த்தினேன். கடைசி மணி வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. மணிகளை ஜாம் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தேன். எடுத்து மேசையில் வைத்தேன். திரும்ப அலமாரி.

"என்ன மாமா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க?" என்றாள் மனைவியின் தங்கை. காலையில் வந்து வாலுவைப் பள்ளியில் விடுபவள். "புதுசா கோத்துட வேண்டியதுதானே."

மணிக்கடையில் ஒரு சுவர் முழுக்கக் கம்பிச் சுருள்கள். கடைக்கார அக்கா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"எது வேணும் தம்பி?"

"அறுந்தே போகாதது."

"ஏன், யானையைக் கட்டப் போறீங்களா?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அவர் மூன்றை எடுத்துப் போட்டார். "செம்பு, வளைச்ச எடத்துலயே நிக்கும். கம்மலுக்கு ஆகும், மாலைக்கு விறைச்சுக்கும். இந்த நைலான் நாளாக நாளாகத் தொய்யும். இது பாருங்க, முடி மாதிரி நாப்பத்தொம்பது ஸ்டீல் இழையை முறுக்கினது. நூல் மாதிரி துவளும். அறுக்கணும்னா கட்டர் வேணும்."

"அதுவே."

"யாரு கழுத்துக்கு?"

பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் அடுத்தது வரும். "வீட்டுக்குத்தான்" என்றேன்.

"வீட்டம்மாவுக்கா? குடுத்து வச்சவங்க" என்று வெட்டிக் கொடுத்தார்.

அன்றே கோத்தேன். கொக்கி கழன்றுவிடும் என்று அதை வைக்கவே இல்லை. தலை நுழையும் அளவுக்கு வளையமாக்கி, இரு முனைகளையும் சின்ன உலோகக் குழலில் செருகிக் குறட்டால் நசுக்கினேன். இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. ஐந்து மாதத்தில் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாக்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். "மாமா!" என்று அலறல்.

அதே கதவு. அதே கைப்பிடி. வாலு ஸ்டூலில் ஏறித் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுக் குதித்திருக்கிறாள். மாலை கைப்பிடியில் மாட்டியிருந்தது. மச்சினி அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி நின்றாள். பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண். முகம் கருத்திருந்தது.

நான் மாலையைப் பிடித்து இழுத்தேன். அறுபடவில்லை. மறுபடி இழுத்தேன்.

"இழுக்காதீங்க, கைப்பிடியிலேருந்து கழட்டுங்க!"

கழற்றினேன். வாலு இருமினாள். பிறகு அழுதாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

மச்சினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன தடவை அறுந்துச்சு. அதனாலதான் ஒண்ணும் ஆகல" என்றாள், வெகு மெதுவாக.

டாக்டரிடம் காட்டினோம். பயமில்லை என்றார். குழந்தையை மச்சினியிடம் விட்டுவிட்டு மாலையோடு நேரே மணிக்கடைக்குப் போனேன்.

"என் பொண்ணுக்கு" என்றேன். "நாலு வயசு. மணி அவ அம்மாவோடது. அவ இப்ப இல்ல."

அக்கா நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "மொதல்லயே சொல்லியிருந்தா அந்தக் கம்பியைத் தொட விட்டிருப்பேனா தம்பி?"

கட்டரால் ஒரே வெட்டு. மணிகள் கிண்ணத்தில் கொட்டின. மெல்லிய பருத்தி நூலில் ஒற்றை இழை உருவினார்.

"புள்ளைங்களுக்கு இதான். கண்ணாடி மணி, தொளை ஓரம் கூரா இருக்கும். அதுவே ஒரு நாள் அறுத்துடும். எங்கேயாவது மாட்டினா உடனே அறுந்துடும். இழுத்துப் பாருங்க."

சுண்டுவிரலால் இழுத்தேன். அறுந்தது.

"ஒரு சுருள் குடுங்க" என்றேன்.

அந்த நூலில் கோத்து மாலையைத் திரும்பப் போட்டுவிட்டபோது வாலு கேட்டாள்: "அப்பா, இது அறுந்துடுமா?"

"அறுந்துடும்."

"அப்புறம்?"

"பொறுக்கிக் கோக்கலாம்."

"பீரோவை நான் நகத்துவேன்" என்று ஓடினாள்.

அடுத்த அறையில் மணிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்கிறது. அது நிற்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.