பம்பு அறைக்குப் பின்னால்

காலை ஆறு மணிக்கு, பூங்காவில் இருபத்திரண்டு ஆண்கள் ஒன்றாக மூக்குச் சிந்துவது போன்ற சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்கும். ஊர்மிளா தியாகி அதைக் கேட்டபடியே பால்கனியில் நின்று டீ குடிப்பாள். அதன் பெயர் கபாலபாதி. வயிற்றை உள்ளே வெட்டி இழுத்து, மூச்சை மூக்கு வழியே வெளியே உதைக்க வேண்டும். மீரட்டின் கங்கா விஹார் காலனி ஆண்களில் பாதிப் பேருக்கு வயிறு அசையாது. தோள்தான் குலுங்கும். குலுங்கிவிட்டு, ஊரையே சுத்தம் செய்துவிட்டவர்கள் மாதிரி ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

முப்பத்தொரு வருஷம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் மூச்சுப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவள் அவள். நோயாளியின் வாயில் குழாயை வைத்து, ஊது, இன்னும் ஊது, விடாதே என்று கத்துவதுதான் வேலை. ஊதுகிற சத்தத்திலேயே நுரையீரல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மெஷின் பிறகு அதையே காகிதத்தில் அடித்துக் கொடுக்கும்.

அந்த இருபத்திரண்டு பேரில் முன்வரிசையில் இடது ஓரம் அவள் கணவர் பிரம்மபால். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடை போட்டு ஓய்வு பெற்றவர். சக்கைத் தூசி கொடுத்த ஆஸ்துமா இருபது வருஷமாகக் கூடவே இருக்கிறது. இன்ஹேலர் இருந்தவரை அதுவும் இவரும் சண்டையில்லாமல் வாழ்ந்தார்கள்.

கெடுத்தவர் ஓம்வீர் தோமர். நீர்ப்பாசன இலாகாவில் இளநிலைப் பொறியாளராக இருந்தவர். ஹரித்வாரில் பத்து நாள் முகாமுக்குப் போனார், காவிச் சால்வையும் கையடக்க மைக்கும் வாங்கிக்கொண்டு திரும்பினார். கால்வாயில் தண்ணீர் விடுவதும் உடம்பில் பிராணனை விடுவதும் ஒன்றுதான், மடையைத் திறக்கத் தெரிய வேண்டும் என்பார். அவர் பொறுப்பில் இருந்த கால்வாய் எதிலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதில்லை.

அவர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் நாற்பதாம் நாள் ஹோமத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் தன் அடிமைத்தனத்தை வைத்துவிட வேண்டும். ஒருவர் மூக்குப்பொடி டப்பா வைத்தார். இன்னொருவர் மலச்சிக்கல் மாத்திரை. பிரம்மபால் தன் இன்ஹேலரை வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆலையில் முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. மறுநாளே தோமர் அவரை முன்வரிசைக்கு மாற்றி, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விரலால் சுட்டிக் காட்ட ஆரம்பித்தார்.

மூச்சுப் பயிற்சியே பித்தலாட்டம் என்று ஊர்மிளா சொல்லவில்லை. ராத்திரி படுக்குமுன் கட்டிலில் உட்கார்ந்து, மூக்கை மாற்றி மாற்றி அடைத்து மெதுவாக மூச்சு விடுகிறார், அதன்பின் நன்றாகத் தூங்குகிறார். அவளே நோயாளிகளிடம் சொன்னதுதான்: உதட்டைக் குவித்து நிதானமாக வெளியே விடு, பயம் அடங்கும். அதற்கு மைக் வேண்டாம், தட்டு வேண்டாம், கை தட்ட ஆள் வேண்டாம். அதனாலேயே அதில் யாருக்கும் ருசி இல்லை.

நவம்பரில் புகை இறங்கியது. எதிர் பிளாக் மறைந்தது. பகல் பத்து மணிக்கும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. மூன்று நாளாக பிரம்மபாலின் நெஞ்சில் விசில் கேட்டது. ஊர்மிளா புது இன்ஹேலர் ஒன்று வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவையும் அவர் அதை, யாரோ எச்சில் துப்பிக் கொடுத்ததைப் போலத் தள்ளிவிட்டார்.

நான்காம் நாள் காலை அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். அன்று விசேஷமாம். ஹோமப் புகை காற்றைச் சுத்தம் செய்யும், ஊரில் இவ்வளவு புகை என்றால் ஒரு குண்டம் போதாது, இரண்டு வளர்ப்போம் என்று தோமர் முடிவு செய்திருந்தார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஐந்நூறு கபாலபாதி.

"இன்னிக்கு மட்டும் போகாதீங்க," என்றாள் ஊர்மிளா. "ஸ்கூலுக்கே லீவு விட்டிருக்காங்க."

"நான் என்ன ஸ்கூல் பையனா?"

"அவனுக்காவது நுரையீரல் புதுசு."

"முன்வரிசையில என் பாய் காலியா கிடந்தா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"செத்தாலும் நாலு நாள் பேசுவாங்க. அஞ்சாம் நாள் அந்தப் பாயில வேற ஆளு உட்காருவான்."

அவர் கையை மட்டும் வீசிவிட்டுப் படியிறங்கினார். பேசுவதற்கு மூச்சு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு, இன்ஹேலரை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு அவளும் பின்னாலேயே இறங்கினாள்.

மாமர விறகும் நெய்யும் கற்பூரமும் போட்டு இரண்டு குண்டத்தையும் எரித்தார்கள். சிறிதாகப் பிளக்காத ஈர விறகு. புகை மேலே போக வழியில்லாமல் ஆட்களின் முகத்தில் உட்கார்ந்தது. இருபத்திரண்டு பேரும் கண்ணீர் வடிய அதை மூக்கால் இழுத்து மூக்கால் தள்ளினார்கள். படித்தவர்கள். இரண்டு வங்கி மேலாளர்கள், ஒரு கல்லூரி வேதியியல் பேராசிரியர். அந்தப் பேராசிரியர்தான் குண்டத்தில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தோமர் மைக்கில் எண்ணினார். நூற்றைம்பதைத் தாண்டியதும் பிரம்மபாலின் தோள்கள் காதுவரை ஏற ஆரம்பித்தன. வேலியோரம் நின்ற ஊர்மிளா வரிசைகளுக்கு நடுவே நடந்து அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள். விசில் மெலிந்துகொண்டே வந்தது. விசில் குறைந்தால் குணமாகிறது என்று ஊர் நினைக்கும். ஊதுவதற்குக் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது.

அவள் பைக்குள் கையை விட்டதும் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி. கண்ணால் வேண்டாம் என்றார்.

"அண்ணி, தொடாதீங்க," என்றார் தோமர், மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே. "உள்ள இருக்கிற விஷம் வெளிய வருது. இப்ப நிறுத்தினா திரும்ப உள்ள போயிடும்."

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் அந்த இன்ஹேலரை வாயில் வைப்பதைவிட, பாயிலேயே சாய்ந்து போவது இந்த மனிதருக்குச் சுலபம் என்று ஊர்மிளாவுக்கு அப்போது விளங்கியது. முப்பத்தைந்து வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தி, கடைசியில் தெரிந்துகொள்வது இதைத்தான். அழுதால் ஆகாது. நியாயம் பேசினால் நேரம் போகும்.

"இவருக்கு ஒண்ணுக்கு முட்டுது, தோமர்ஜி," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பாயில போகட்டுமா, அங்க போகட்டுமா?"

யாரோ சிரித்தார்கள். பிரம்மபாலின் பிடி தளர்ந்தது. அவள் அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, பூங்காவின் மூலையில் இருந்த பம்பு அறைக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனாள். முப்பது அடிக்குள் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். குழுவில் ஒருவரான ஜவுளிக் கடை மஹிபால் ஜிண்டல். சுவரைப் பார்த்துத் தலையை அண்ணாந்து, வாயில் நீல இன்ஹேலரோடு, மூச்சை நிறுத்திக் கண்ணை மூடியிருந்தார். அன்று காலை அந்தப் பூங்காவில் ஒழுங்காக நடந்த ஒரே கும்பகம் அதுதான்.

கண்ணைத் திறந்தவர் வெலவெலத்துப் போனார். "அண்ணி, தயவுசெய்து யார்கிட்டயும்..."

"நகருங்க," என்றாள்.

கணவரைச் சுவரில் சாய்த்து, டப்பாவைக் குலுக்கி, அவர் வாயில் வைத்தாள். "வெளிய விடுங்க. இப்ப இழுங்க. மெதுவா. விடாதீங்க, பிடிங்க." முப்பத்தொரு வருஷம் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. ஆறாவது அழுத்தலில் விசில் திரும்பி வந்தது. பிறகு அது அகலமானது. உதட்டில் நிறம் ஏறியது. முதல் முழு வாக்கியம் வெளியே வந்தது.

"யாராவது பார்த்தாங்களா?"

அவளுக்கு ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. இப்போதுதான் வந்த மூச்சு வீணாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், குறைந்தபட்சம் வீட்டுக்காவது என்றாள். அவர் மப்ளரைச் சரி செய்துகொண்டு பாயைப் பார்த்து நடந்தார்.

தோமர் காத்திருந்தார். "பாருங்க," என்றார் மைக்கில். "பத்து நிமிஷம் முன்னாடி எப்படி இருந்தார், இப்ப எப்படி இருக்கார். மருந்தில்ல, மாத்திரையில்ல. விஷம் இறங்கிடுச்சு." கை தட்டினார்கள். ஜிண்டல் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பிரம்மபால் ஒரு கணம் ஊர்மிளாவைப் பார்த்தார். பிறகு கைகூப்பி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

ஒரு வாக்கியம் போதும், இவர்கள் எல்லோர் வேட்டியும் அவிழ்ந்துவிடும். அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவிழ்ந்த பிறகு இவர் எங்கே போய் ஒளிந்து மருந்து இழுப்பார் என்று யோசித்தாள். நாளைக்கும் புகை இருக்கும். நாளைக்கும் இவர் வருவார். ஒளிவதற்கு அந்தச் சுவர் இருந்தால்தான் இவர் உயிரோடு திரும்புவார். வாயை மூடிக்கொண்டு மறுபடி பம்பு அறைக்குப் பின்னால் போனாள். பெயர்ந்திருந்த ஒரு செங்கல்லை உருவி, இன்ஹேலரை உள்ளே வைத்து மூடினாள்.

"செங்கல்லுக்குப் பின்னால இருக்கு," என்றாள் வீட்டில், தட்டில் பராத்தாவைப் போட்டபடி. அவர் தலை நிமிராமல் ஊறுகாய் கேட்டார்.

அதன்பின் அவள் பால்கனியில் நின்று எண்ணினாள். முதல் நாள் இரண்டு பேர் ஒண்ணுக்குப் போனார்கள். வார முடிவில் ஏழு. ஒருவர் திரும்பும்வரை அடுத்தவர் போகமாட்டார், அந்த மரியாதை மட்டும் தவறவில்லை. ஒரு மாலை போய்ச் செங்கல்லை உருவிப் பார்த்தாள். அவள் வைத்ததோடு இன்னும் மூன்று இருந்தன, ஒரு பிரஷர் மாத்திரை அட்டையும், மூக்குப்பொடி டப்பாவும். இடம் போதாமல் யாரோ பக்கத்துச் செங்கல்லையும் பெயர்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை பிரம்மபால் சுலபமாக மாடி ஏறி வந்தார். தோமர் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தாராம். இந்த வயதில் இத்தனை பேருக்கு நீர் தங்காமல் போவது கவலையாக இருக்கிறதென்று, மூத்திரப்பையை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பந்தம். நாற்பது நாளில் சரியாகிவிடுமாம்.

"குணம் தெரியுதா?" என்றாள் ஊர்மிளா.

"கொஞ்சம் தெரியுது," என்றார் அவர், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.