சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு வரி

1

இந்தக் கதையை எழுதவைத்தது குற்றவுணர்ச்சி என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் ஏக்கம்தான். தப்புச் செய்து சம்பாதித்த மூன்று மாதங்களுக்காக இன்னும் ஏங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘கல்லூரியின் சர்வர் அறையில் எப்போதும் குளிர்—’

வேண்டாம். பேய்க்கதை போலிருக்கிறது.

இரண்டாவது: சனிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று காலைதான் நானும் கமாவும் பதினொரு லினக்ஸ் சர்வர்களையும் ஒவ்வொன்றாக அப்டேட் செய்வோம். (கமா என்னோடு வேலை பார்த்தவள். நிரலில் விட்டுப்போன ஒரு கமாவை இரண்டு நாள் தேடியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) கட்டளையைத் தட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் இருமுவதையும் கணக்கர் கொட்டாவி விடுவதையும் கமா நடித்துக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்பேன். எங்கள் சிநேகிதம் அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் வளர்ந்தது.

3

ஒருநாள் சொன்னாள்: “இனிமே நாம வர வேணாம்டி. க்ரான்ல ஒரு வரி எழுதிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு அதுங்களே அப்டேட் பண்ணிக்கும், தேவைப்பட்டா ரீஸ்டார்ட்டும் ஆயிக்கும்.” (க்ரான்: குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி.)

“இப்ப என்ன அவசரம்?”

“அப்பாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது. வாரத்துல ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டணும்.”

(முதல் வரைவில் ‘எனக்கு எதுவும் தோன்றவில்லை’ என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தோன்றியது.)

அந்த வாரச் சனிக்கிழமையே பத்து மணிக்கு ஆன்லைன் நுழைவுத்தேர்வு இருந்தது. சுற்றறிக்கை எனக்கு மட்டும் வந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

தேர்வு நடுவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. விடைகள் தப்பின, கமா தப்பவில்லை. அவளுக்கு மெமோ. “இனி எல்லாம் கையாலதான்” என்றார் முதல்வர்.

சனிக்கிழமைகள் திரும்பி வந்தன. அவள் முன்போலவே இருமிக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

4

மூன்று மாதம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை, ஏழாவது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன்.

“அந்த சர்க்குலர் என்கிட்ட இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொல்லல.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏன்?”

“நீ வராமப் போயிடுவியேன்னு.”

அப்டேட் முடிந்ததும் எட்டாவது சர்வருக்கான கட்டளையைத் தட்டினாள். பிறகு, “போன மாசம் அப்பாவுக்குப் பார்வை சுத்தமா போயிடுச்சு” என்றாள். “இப்பவும் படிச்சுக் காட்டலாம், இல்லன்னு சொல்லல. ஆனா அப்ப படிச்சிருந்தா, என் முகத்தைப் பாத்துட்டே கேட்டிருப்பார்.”

திங்களன்று முதல்வரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மெமோ என் பெயருக்கு மாறியது. முதல்வர் சம்மதத்தோடு கமா தன் வரியைத் திரும்பப் போட்டாள், தேர்வு நாட்களில் எதுவும் ஓடாதபடி ஒரு நிபந்தனையையும் சேர்த்து. அதை எனக்கு விளக்கவில்லை. நானாகப் படித்துப் புரிந்துகொண்டேன்.

5

அடுத்த சனிக்கிழமை பழக்கத்தில் கிளம்பிப் போய்விட்டேன். நான் சர்வர் அறைக் கதவைத் திறக்கும்போது பதினொரு சர்வர்களும் தாமாகவே வேலையை முடித்திருந்தன. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

‘அவளும் வந்தாள்’ என்று ஒரு முடிவு எழுதிப்பார்த்தேன். பொய். ‘அதன்பிறகு அவள் என்னோடு பேசவே—’ அதையும் முடிக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் பேசினாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேசவைப்பதானால் ஒரு வேண்டுகோள்: என்னை மன்னித்துவிட்டதாக அவள் வாயால் சொல்லவைக்காதீர்கள். அந்த அரைமணி நேரம் தனியாக என்னடி பண்ணினே என்று கேட்டால் போதும்.