தூது விமானத்தின் சிவப்புக் கம்பி

“பட்டாளத்து விமானத்துல சிவப்பு எங்கடா இருக்கு? கம்பிக்கு வர்ணம் அடின்னு உனக்கு யாரு—”

“பளிச்சுன்னு தெரியணும்ல, அக்கா. நான் எதைச் செஞ்சாலும் உனக்கு—”

“பேசிட்டிருக்கேன், குறுக்க பேசாத!”

“நீ எப்ப நிறுத்தினே, நான் நடுவுல பேச? ஏய், வர்ணத்துல கை வைக்காத!”

பின் இருக்கையில் பெல்ட்டுக்குள் ஒடுங்கியிருந்த அக்காவின் கணவர் முனகினார். “மேல போற வரைக்கும் சும்மா இருங்கப்பா.”

“பயப்படாதீங்க மாமா. இது குண்டு மழையிலயே பறந்தது.”

உண்மைதான். போர்க்காலத்துத் தூது விமானம் அது. உடம்பெங்கும் தகட்டுக்குப் பதில் துணி, துப்பாக்கி கிடையாது. தளபதிகளின் கடிதங்களையும் அடிபட்டவர்களையும் சுமந்துகொண்டு மேய்ச்சல் நிலத்தில்கூட இறங்கி ஏறியிருக்கிறது. போர் முடிந்ததும் வயலுக்கு மருந்து தெளித்தது. கடைசியில் அதன் இறக்கைக்கடியில் கோழிகள் குடும்பம் நடத்தின. மெக்கானிக் அக்காவும் விமானி தம்பியும் சண்டை போட்டுக்கொண்டே அதைத் தேற்றி எடுத்தார்கள்.

பெட்ரோல் அளவு காட்ட அதில் ஒரே ஒரு கம்பிதான். தொட்டிக்குள் மிதக்கும் தக்கையில் குத்தி, மூடி வழியாக வெளியே நீட்டியிருக்கும். பெட்ரோல் குறையக் குறையத் தாழும். கிளம்புமுன் அதை விரலால் தட்டிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். இன்று கோபத்தில் தட்டவில்லை. மூக்கிலிருந்த விசிறியைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். வெளியே விமானம் ஓடி மேலே எழும்பும் சத்தம் கேட்டது.

காலில் பெட்ரோல் கேன் இடித்தது. அசையவில்லை. தூக்கிப் பார்த்தாள். வாங்கி வைத்தபடி நிரம்பியிருந்தது.

அவன் ஊற்றியிருப்பான் என்று இவள் இருந்துவிட்டாள். இவள் ஊற்றியிருப்பாள் என்று அவன். அப்படியானால் கம்பி ஏன் முழு உயரத்துக்கு நின்றது? வர்ணம் அடிக்க அவன் அதை மேலே இழுத்துப் பிடித்தது நினைவுக்கு வந்தது. வழிந்த வர்ணம் மூடித் துளையில் இறுகிக் கம்பியைக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும்.

வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

“டேய், இறங்கு! உடனே இறங்கு!”

“என்னக்கா, சண்டை பாதியில நின்னுடுச்சா? இப்பத்தான் மாமா கண்ணையே திறந்திருக்காரு.”

“தொட்டியில பெட்ரோல் இல்லடா!”

“கம்பி கிண்ணுன்னு நிக்குதே—”

“அது ஒட்டிக்கிட்டு நிக்குது!”

மர வரிசைக்கு அப்பால் எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

“தம்பி, மரத்துக்கு அந்தப் பக்கம் தரிசு இருக்கு, அங்க இறக்கு... இறக்கிட்டியாடா?”