முதலாளிக்குத் தீனி

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குப் பாசி சுரண்டும் நாள். மீன்தொட்டியின் உப்புத் தண்ணீருக்குள் கையை முழங்கை வரை விட்டு, பழைய பல் பிரஷால் பாறைகளைத் தேய்ப்பாள். பச்சைப் பாசி முடிமுடியாய்ப் பிய்ந்து வரும். அழுக்குத் தண்ணீரை இறக்கி, புதிதாக உப்புக் கரைத்து ஊற்றி நிமிர்வதற்குள் இடுப்பு விட்டுப் போகும். அடுத்த வாரம் பார்த்தால் பாசி பழையபடி தழைத்திருக்கும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வாரமெல்லாம் விரிப்பு மடிக்கிற கைகள் அவை. தொட்டி அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல, கணவனுடையது. அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். காலையில் அவள் கிளம்பிய பிறகு வருவான். மாலையில் அவள் திரும்புவதற்குள் போய்விடுவான். ஞாயிறு பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூக்கம்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் துருவித் துருவிக் கேட்டார். "தீனி அதிகமா போடுறீங்களோ?"

"ஒரு வேளைதாங்க. அதுவும் ஒரு சிட்டிகை."

"லைட்டு?"

"சாயங்காலம் வந்து போடுவேன். படுக்கும்போது அணைச்சிடுவேன்."

"அப்ப கணக்கு உதைக்குதே," என்று தலையைச் சொறிந்தவர், பாசி மேய நத்தைகளைக் கொடுத்தனுப்பினார். அவையும் வஞ்சனையில்லாமல் மேய்ந்தன. பாசி அவற்றை முந்திக்கொண்டு வளர்ந்தது.

ஒருநாள் காய்ச்சலில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்குப் போகாமல் உள்ளறையில் சுருண்டு கிடந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியருகே போய் விளக்கைப் போட்டான்.

"என்ன முதலாளி, பசிக்குதா?"

வேலை வெட்டி இல்லாமல் உலாத்துகிற ஆரஞ்சு நிற மீனுக்கு அவன் வைத்த பெயர் அது. தீனி டப்பா திறந்தது.

"ராத்திரி ஏழாம் நம்பர் கதவு திறந்தே கெடந்துச்சாம். எல்லார் முன்னாடியும் சூப்பர்வைசர் திட்டித் தீர்த்துட்டான். தூங்கிட்டேன்னு சொல்றான்." சற்று நிறுத்தினான். "தூங்கினேன்தான். உன்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

தின்று முடித்த மீன் பாறைப் பக்கம் திரும்பியது. அவன் அவசரமாக இன்னொரு சிட்டிகை போட்டான். "இரு, நான் இன்னும் முடிக்கல."

மாலையில் அவளும் அதே இடத்தில் நின்று, பிளீச்சிங்கில் விரல் வெடித்ததையும், அவன் இளைத்துப் போனதையும் அந்த மீனிடம்தானே சொல்கிறாள்!

மெதுவாக எழுந்து அறை வாசலுக்கு வந்தாள். "தீனி நீங்களும் போடுறீங்களா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "வேலைக்குப் போகலியா?"

"காய்ச்சல்."

நெற்றியில் கை வைத்தான். கிடங்கின் குளிர் அந்தக் கையை இன்னும் விடவில்லை.

"நான் தெனமும் சாயங்காலம் போடுறேனே," என்றாள்.

"உனக்கு ஏது நேரம்னு நெனச்சு..."

"லைட்டு?"

"வேலைக்குக் கெளம்புற வரைக்கும் எரியும். ஜன்னலைச் சாத்திட்டு இருட்டுல தனியாப் படுக்க ஒரு மாதிரி இருக்கு."

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வீணாய்ப் போயின என்று கோபப்படலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே.

இனி தீனி யார் போடுவது? இருவரும் மீனைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"நீங்களே போடுங்க," என்றாள் கடைசியில். "ஒரு சிட்டிகைதான். மிச்சம் பேச வேண்டியதை என்கிட்ட பேசுங்க."

"எப்ப?"

அவள் தீனி டப்பாவை மூடி அவன் பக்கம் நகர்த்தினாள்.

பகலில் விளக்கு எரிவது நின்றது. பாசி வெளுத்தது; மெல்ல உதிர ஆரம்பித்தது. முழுதும் போய்விடவில்லை. பகல் காவலுக்கு மாற்றித் தரச்சொல்லி அவன் கேட்டுப் பார்த்தான். ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு, எழுப்பாமலே எழுந்து வந்தான். "வாளியை நான் பிடிக்கிறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் பாதிப் பாறை தேய்த்துவிட்டு ஏதோ சொல்லத் திரும்பினாள். வாளியை மடியில் அணைத்தபடி அவன் உறங்கிப் போயிருந்தான். வாளியை உருவி எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் மீதியைத் தேய்த்தாள்.