இறங்கும் கோட்டுக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் பிறந்தது. படிக்க வேறு எதுவும் கிடைக்காததால், யாரோ விட்டுவிட்டுப் போயிருந்த புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றைப் புரட்டினேன். எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். சூத்திரங்களைத் தாண்டித் தாண்டிப் போனவன் ஒரு கட்டுரையில் நின்றுவிட்டேன். அந்த இதழ் தன்னைப் பற்றியே எடுத்த கணக்கு அது. தொடங்கிய காலத்திலிருந்து எந்தெந்தத் தலைப்பில் எத்தனை கட்டுரைகள் வெளியாகின, எது ஏறியது, எது இறங்கியது என்று கோடு கோடாக வரைந்திருந்தார்கள்.

ஒற்றை ஆளாக எழுதுவது குறைந்து, ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதுவது பெருகியிருந்தது. கட்டுரைத் தலைப்புகள் ரயில் மாதிரி நீண்டிருந்தன. 'ஒரு சிறு குறிப்பு' என்ற பணிவான தலைப்பு அடியோடு காணாமல் போயிருந்தது. இயந்திரக் கற்றல் என்ற கோடு வரைபடத்தின் கூரையை இடித்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கோடு மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்து, திடீரென்று தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. 'கருத்துக்கணிப்பில் பதிலளிக்காதவர்கள்' என்பது அதன் பெயர். கீழே ஒரு வாக்கியம்: "இந்த வீழ்ச்சியின் காரணத்தை ஆராயத் தகுந்தவர் இக்கட்டுரையாளர் அல்லர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்ற கோடுகளுக்கெல்லாம் வாய் ஓயாமல் காரணம் சொன்ன ஆள், இதற்கு மட்டும் ஏன் கையை விரிக்க வேண்டும்? உள்ளே கூப்பிட்டதுகூட என் காதில் விழவில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்தது. பேராசிரியர் ஜன்னலருகே நின்று தன் இளமையை—" [வேண்டாம். பேராசிரியர்கள் ஜன்னலருகே நின்றது போதும்.]

இரண்டாவது: "பதிலளிக்காமை இரண்டு வகைப்படும். அவற்றுள் முதலாவது—" [தேர்வுக்குத்தான் உதவும்.]

மூன்றாவது: "அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் மென்பொருள்மேல்தான் சந்தேகம் வந்தது." [இது இருக்கட்டும்.]

3

அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் மென்பொருள்மேல்தான் சந்தேகம் வந்தது.

அவள் அந்த இதழின் ஆசிரியர் குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவள். வருகிற கட்டுரைகளில் எதை ஏற்பது, எதைத் திருப்புவது என்று முடிவு செய்கிற சிலரில் ஒருத்தி. வெள்ளிவிழா மலருக்கான இந்தக் கணக்கெடுப்பை இதழாசிரியர் அவள் தலையில் கட்டியிருந்தார். கட்டுரைச் சுருக்கங்களை மென்பொருளிடம் கொடுத்தால், ஒரே மாதிரிச் சொற்கள் வருகிறவற்றை அது ஒரு கட்டாகக் கட்டித் தரும். கட்டுக்குப் பெயர் வைப்பது மட்டும் மனிதர் வேலை.

(முதலில் அவளை ஆணாகத்தான் எழுதினேன். ஒரு பக்கம் தாண்டியதும் அந்த ஆள் கண்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டார். மாற்றிவிட்டேன்.*)

இதழாசிரியருக்கு வரைபடம் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி அடித்தது.

"மேடம், அந்தப் பதிலளிக்காதவங்க சமாச்சாரம் செத்துப் போச்சுன்னே எழுதிடுங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல அட்டைப் பட்டியல்லேர்ந்தும் தூக்கிடலாம்."

"ஏன் செத்துச்சுன்னு பாத்துட்டுச் சொல்றேனே சார்."

"காலம் மாறிப்போச்சு, அவ்வளவுதான். இதுக்குப் பிரேதப் பரிசோதனை வேற வேணுமா?"

அட்டைப் பட்டியல் என்பது 'இத்தலைப்புகளில் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன' என்று அட்டையின் உள்பக்கத்தில் அச்சிடுவது. அதில் இல்லாத தலைப்பென்றால் கட்டுரையைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பலாம். ஒரு தலைப்பை அங்கிருந்து எடுப்பது வீட்டைப் பூட்டிச் சாவியை எறிவது மாதிரி.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தலைப்பு அவள் வீட்டிலேயே குடியிருந்தது. வேறொரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் அவள் கணவரின் வாழ்நாள் வேலையே அதுதான். கேள்வித்தாளை வாங்கிவைத்துக்கொண்டு பதில் போடாதவர்களைப் பற்றியே யோசிப்பதால் அவருக்கு 'ஆப்சென்ட் சார்' என்று பெயர். "பேசாம இருக்கிறவங்களுக்குச் சொல்ல விஷயம் இல்லேன்னு நினைக்காதீங்க. சொன்னா யாருக்காவது சங்கடமா இருக்கும்னு இருப்பாங்க. அவங்களை விட்டுட்டுப் போடற கணக்கு தப்புக்கணக்கு" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்.

* இவளுக்கு ஒரு கணவரைக் கொடுக்கலாமா என்று வெகுநேரம் தயங்கினேன். கொடுத்தபிறகுதான் எனக்குக் கதை கிடைத்தது. அவளுக்கு என்ன கிடைத்தது என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும்.

4

மென்பொருளைச் சோதித்தாள், பிழை இல்லை. சுருக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்துப் பார்த்தாள். மென்பொருள் சொன்னதுதான் சரி. பிறகு அந்தக் கட்டுக்குள் வந்த கட்டுரைகளை எழுதியவர்களின் பெயர்களை எடுத்தாள். பெரும்பாலானவற்றில் கணவரின் பெயர் மட்டும், மீதியில் கூடவே அவருடைய மாணவர்கள். கோடு படுத்த ஆண்டு எது என்று பார்த்தாள். அவள் குழுவில் சேர்ந்த ஆண்டு.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அளக்கிற ஆளைச் சந்தேகப்பட மறந்திருந்தாள். இந்தத் தவறைப் புள்ளியியல்காரர்களால் மட்டுமே இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும்.

வீட்டில் அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பதிலளிக்காதவங்களைப் பத்தி இப்பல்லாம் எழுதறதே இல்லையா?"

"ஏன் எழுதாம? போன மாசம்கூட ஒண்ணு வந்துச்சே. நீதானே பிழை திருத்திக் குடுத்த?"

உண்மைதான். ஒவ்வொரு கட்டுரையையும் அவள்தான் முதலில் படிப்பாள். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"எங்க இதழுக்கு ஏன் அனுப்பறதில்ல?"

"நீ அங்க இருக்கியே."

"உங்க கட்டுரை வந்தா நான் ஒதுங்கிக்கணும்னு விதியே இருக்கு."

"நீ ஒதுங்கினது யார் கண்ணுக்குத் தெரியும்? பொண்டாட்டி இருக்கா, போட்டுட்டாங்கன்னுதான் பேசுவாங்க. உன் பேரு கெடறதுல எனக்கு இஷ்டமில்ல."

"உங்ககிட்டப் படிக்கிற பசங்க?"

"அவங்க கட்டுரையில என் பேரும் இருக்குமேம்மா."

தன்னைக் கேட்காமலே தனக்காக ஒருவர் இவ்வளவு விட்டுக்கொடுத்தால் நன்றி வருமா, கோபம் வருமா? அவளுக்கு இரண்டும் வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா மறுநாளே ராஜினாமா எழுதிக் குடுத்திருப்ப."

அதுவும் உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை நடக்கப்போவதைச் சொன்னாள். காரணத்தைக் கட்டுரையில் எழுதப்போவதாகவும் சொன்னாள்.

"வேணாம்" என்றார். "என்னன்னு எழுதுவ? வீட்டுக்காரர் கூச்சப்பட்டதால ஒரு துறையே படுத்துடுச்சுன்னா? அந்தப் பசங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எழுதலேன்னா உங்க தலைப்பை எடுத்துடுவாங்க."

தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தார். "எடுக்கட்டும்" என்றார். எடுத்தால் அவர் தாங்கமாட்டார் என்பது அந்தக் காலரைப் பார்த்தாலே தெரிந்தது.

5

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

அவள் குழுவிலிருந்து விலகுகிறாள். அடுத்த ஆண்டே கோடு எழுந்து நிற்கிறது. கைப்பிரதியைப் படித்த என் மனைவி, "விட்டுக்குடுக்க எப்பவும் ஒரு ஆள் வேணும், இல்ல?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறாள். கூட்டத்தில் பலத்த கைத— [கைதட்டலில் முடிகிற கதையை நானே நம்பமாட்டேன். தவிர, அவர்தான் வேண்டாம் என்றாரே.]

'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். இதுதான் சுலபம். ஆனால் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று அச்சேற்றுவதை அவள் தொழிலில் பொய் என்றுதான் சொல்வார்கள். அவள் கை அதற்கு வரவில்லை.

மூன்று பக்கமும் அடைத்த பிறகு ஒரு சந்து மட்டும் மிச்சமிருந்தது. நான் காத்திருப்பு அறையில் படித்த அந்த வாக்கியத்தை அவள் எழுதினாள்.

6

வெள்ளிக்கிழமை. நீள மேசை, ஆறிப்போன தேநீர், ஓடாத மின்விசிறி. இதழாசிரியர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிற்கிறார். சத்தமாக வாசிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"என்ன மேடம் இது? நீங்க தகுந்தவங்க இல்லேன்னா வேற யாரு?"

அட்டைப் பட்டியல் அவர் முன்னால் கிடக்கிறது. திறந்த சிவப்புப் பேனா அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் காத்திருக்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் வாயைத் திறக்கி—

[இதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் பார்த்த இதழில் அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்திருந்தால் அந்தத் தலைப்பு பிழைத்ததா என்றாவது தெரிந்திருக்கும். அட்டை கிழிந்திருந்தது.]

ஆகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் என்ன சொன்னாள்? சொல்ல மனமில்லை, சொன்னால் வீட்டிலிருக்கும் அந்த மனிதருக்குச் சங்கடம் என்று தோன்றினால் பேசாமல் இருந்துவிடுங்கள், பாதகமில்லை. பதில் வராத இடத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிற ஒருவர் இருக்கிறார். இந்நேரம் சட்டைகளையெல்லாம் தேய்த்து அடுக்கிவிட்டு, வாசற்கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பதிலுக்காக அவர் காத்திருக்கிறார்.